பழைய டிராக்டரும் அயர்ந்த பாட்டரியும்

ஆடி மாதத்தில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்தால், மறுநாள் விடியற்காலையில் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்குச் சென்றாலும் ஒரே கேள்விதான் காதில் விழும். "டிராக்டர் எப்போது வரும்?" என்பதே அக்கேள்வி. எங்கள் பக்கத்து மேட்டு நிலம் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும் கலந்தது. பெய்த ஈரம் அதில் நெடுநாள் தங்குவதில்லை. இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அதற்குள் உழுது மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, விதைத்தாக வேண்டும். வாடகை டிராக்டர் ஒன்றை நம்பிப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் காத்திருக்கும். அத்தகைய காலை வேளையில் சாவியைத் திருப்பினால், 'டிக்' என்று ஓர் ஒலி மட்டும் கேட்டு அடங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "செல்ஃப் எடுக்கவில்லை" என்கிறார் ஓட்டுநர். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்குகிறார்கள். நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தக் கால்மணி நேரத்தைப் பற்றித்தான். அதில் நிதானமாக நடந்துகொண்டால் ஒரு நாள் வேலை மிஞ்சும். பதற்றப்பட்டால் ஓர் உயிரே போய்விடக்கூடும்.

நான் பொறியியல் கற்றவன் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் விஞ்ஞானமும் கணக்கும் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று டிராக்டர் ஓட்டுகிறார்கள். சிலர் சொந்தமாகவே வைத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்ட பாடங்களில் பாதி அந்த வண்டிக்குள் இருக்கின்றன என்பதை அவர்களுக்கு நினைவூட்டவே இந்தப் பேச்சு.

எங்கள் ஊர்க் கோட்டையைக் காண வருகிறவர்கள் இராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகாலைப் பார்த்து வியப்பார்கள். அதற்கு அருகில் பெரிய தானியக் களஞ்சியம் ஒன்றும் இருக்கிறது. அதன் முன் அவர்கள் அதிக நேரம் நிற்பதில்லை. ஆனால் மதிலைப் போலவே களஞ்சியமும் சுனையும் ஒரு கோட்டைக்கு உயிர் அல்லவா? டிராக்டருக்குப் பாட்டரி அத்தகைய களஞ்சியம். டைனமோ ஓடும்போது கொடுக்கும் மின்சாரத்தை இரசாயன வடிவில் அது சேர்த்துவைக்கிறது. வேண்டும்போது திருப்பிக் கொடுக்கிறது. போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் எந்தக் களஞ்சியமும் காலியாகும்.

1859ஆம் ஆண்டில் காஸ்டன் பிளான்டே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு இத்தகைய கலத்தைச் செய்து காட்டினார். இன்றைக்கும் டிராக்டரில் இருப்பது அந்த ஏற்பாட்டின் வழித்தோன்றலே. உள்ளே ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று அதிகமாகத் தரும். நிறைந்த பாட்டரி ஓய்வாக இருக்கும்போது அளந்தால் சுமார் 12.6 வோல்ட் காட்டும். "பன்னிரண்டு வோல்ட் பாட்டரிதானே, பன்னிரண்டு இருந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டாலே முக்கால் பங்குக்கு மேல் செலவாகிவிட்டது என்று பொருள்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். "விளக்கு நன்றாக எரிகிறதே, ஹார்ன் அடிக்கிறதே, எஞ்சினை மட்டும் ஏன் சுற்ற மாட்டேன் என்கிறது?" முகப்பு விளக்குகளுக்கு வேண்டியது பத்து ஆம்பியரை ஒட்டிய மின்னோட்டம். எஞ்சினைச் சுற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். குடத்தில் நீர் இருப்பது வேறு, அதைக் கணத்தில் கவிழ்த்துக் கொட்ட முடிவது வேறு. 300 ஆம்பியர் வீதம் பத்து விநாடி சுற்றினாலும் மொத்தச் செலவு ஓர் ஆம்பியர் மணிக்கும் குறைவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். அளவு சிறிது, வேகம் பெரிது. முதுமை அடைந்த பாட்டரி இழப்பது அந்த வேகத்தைத்தான்.

எஞ்சினை ஏன் அவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும்? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை அமுக்கினால் வெப்பம் பிறக்கிறது. ருடால்ஃப் டீசல் 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை இதுவே. அதில் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் காற்று அமுங்கி 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும். அதில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் மெதுவாகச் சுற்றினால், அமுங்கிய காற்று வளையங்களின் ஓரமாகக் கசிந்துவிடும்; பிறந்த வெப்பமும் இரும்பில் இறங்கிவிடும். தேய்ந்த பழைய எஞ்சினில் இந்தக் கசிவு இன்னும் அதிகம். ஆகவே புதிய எஞ்சினுக்குப் போதுமான பாட்டரி பழைய எஞ்சினுக்குப் போதாமல் போகும். ஒரு முறை பற்றிக்கொண்டால், எரிபொருள் பம்பு பழைய முறையில் அமைந்த எஞ்சின் தொடர்ந்து ஓடுவதற்கு மின்சாரமே தேவையில்லை. அதனால்தான் அதை நிறுத்துவதற்குச் சாவி போதாமல் தனியாக ஒரு குமிழை இழுக்கிறோம்.

பாட்டரி இல்லாமல் எஞ்சினைக் கிளப்புவதற்கு மனிதர்கள் பட்ட பாடு ஒரு தனிக் கதை. ஜெர்மனியில் 1921ஆம் ஆண்டு முதல் வந்த லான்ஸ் புல்டாக் டிராக்டரின் தலைக்குமிழை ஊதுவிளக்கால் முதலில் சுட வைப்பார்கள். பிறகு ஸ்டியரிங் சக்கரத்தையே கழற்றிப் பக்கவாட்டில் செருகி எஞ்சினைச் சுற்றுவார்கள். இங்கிலாந்தின் ஃபீல்ட் மார்ஷல் டிராக்டரில் துப்பாக்கித் தோட்டாவைப் போன்ற ஒன்றை வைத்துச் சுத்தியலால் தட்டிக் கிளப்புவதும் உண்டு. அமெரிக்காவில் கேட்டர்பில்லர் நிறுவனத்தார் பெரிய டீசல் எஞ்சினைச் சுற்றுவதற்கென்றே சிறிய பெட்ரோல் எஞ்சின் ஒன்றைப் பக்கத்தில் பொருத்தினார்கள். எஞ்சினைக் கிளப்பும் மின்சார ஏற்பாட்டைச் சார்லஸ் கெட்டரிங் வகுத்துக் கொடுக்க, 1912ஆம் ஆண்டுக் காடிலாக் மோட்டார்களில் அது வந்தது. நம் நாட்டில், 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றி மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்யத் தொடங்கிய காலத்துக்குள், செல்ஃப் என்பது டிராக்டரில் சாதாரணப் பொருளாகிவிட்டது.

ஆனால் கிணற்று மேட்டில் இருந்த ஆயில் எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. அதை ஹாண்டில் போட்டுத்தான் சுற்ற வேண்டும். சுற்றியவர்களுக்கு அதன் குணம் தெரியும். எஞ்சின் ஒரு நொடி பின்னுக்கு உதைத்தால் கைப்பிடி மணிக்கட்டை முறித்துவிடும். என்னிடம் படித்த ஒருவரின் வலக்கை இன்றும் நேராக நீளாது. ஆயில் எஞ்சின் கொடுத்த பரிசு அது. கைப்பிடி உள்ள எஞ்சினைச் சுற்றுபவர்கள், பெருவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காமல், மற்ற நான்கு விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும். அமுக்கத்தை விடுவிக்கும் நெம்பு இருந்தால், முதலில் அதைத் திறந்துவிட்டுச் சுற்றி வேகம் வந்தபின் மூட வேண்டும். கீழே அழுத்தித் தள்ளாமல் மேல்நோக்கி இழுப்பதே பாதுகாப்பு.

இனி, அந்தக் காலை வேளைக்கு வருவோம். முதலில் செய்ய வேண்டியது சோதனை. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மெல்ல மங்கினால் பாட்டரி அயர்ந்திருக்கிறது. விளக்கு அடியோடு அணைந்து, சாவியை விட்டதும் திரும்ப எரிந்தால், முனையில் எங்கோ பிடிப்பில்லை. விளக்கு மங்காமலே இருந்து எஞ்சின் சுற்றவில்லை என்றால், குற்றம் ஸ்டார்ட்டரிலோ சுவிட்சிலோ கம்பியிலோ இருக்கிறது; பாட்டரியின் மேல் பழி போட வேண்டாம்.

பாட்டரி செத்துவிட்டது என்று சொல்லப்படும் வண்டிகள் பலவற்றில் நோய் முனைகளில்தான் இருக்கிறது. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் அந்தப் பொருக்கு மின்சாரத்தைத் தடுக்கிறது. சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து, அறைகளுக்குள் புகாமல் முனைகளின்மேல் ஊற்றினால் பொருக்கு கரையும். பிறகு உடலோடு சேர்ந்த கம்பியை முதலில் கழற்றுங்கள். முனைகளையும் கவ்விகளையும் சுரண்டித் துடைத்து, இறுக்கிப் பூட்டி, வாசலின் தடவுங்கள். பூட்டும்போது உடலோடு சேர்ந்த கம்பி கடைசி. இந்த வரிசை ஏன் என்றால், ஸ்பானர் தவறி இரும்பில் பட்டாலும் அப்போது பெரும்பொறி எழாது. உடலோடு சேர்க்கும் கம்பியின் மறுமுனையையும் மறவாதீர்கள். வண்ணமும் துருவும் அங்கே ஒளிந்திருக்கும்.

அதுவும் பயன்படவில்லை என்றால் இன்னொரு வண்டியின் பாட்டரியிலிருந்து கடன் வாங்கலாம். இரண்டும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். கம்பிகள் தடித்தவையாக இருக்க வேண்டும். நேர்முனையோடு நேர்முனையை இணையுங்கள். உதவும் பாட்டரியின் எதிர்முனையிலிருந்து வரும் கம்பியைச் செத்த பாட்டரியின் முனையில் வைக்காமல், சற்றுத் தள்ளி எஞ்சினின் வெற்றிரும்பில் கவ்வச் செய்யுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும்; பாட்டரியின் வாயிலோ ஹைட்ரஜன் வாயு நிற்கும். இரண்டும் சந்தித்தால் பாட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு சேர்ந்திருக்கும். இணைக்குமுன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்களில் வேறொரு வழக்கமும் உண்டு. நல்ல பாட்டரியைத் தூக்கி வந்து வைத்து எஞ்சினைக் கிளப்புவார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைக் கழற்றிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போவார்கள். பழைய டைனமோ இதனை ஒருவேளை பொறுத்துக்கொள்ளலாம். பின்னாளில் வந்த ஆல்டர்னேட்டர் பொறுக்காது. அதன் உள்ளிருக்கும் டயோடுகள் கருகிவிடும். பாட்டரி வாங்கும் செலவை மிச்சப்படுத்தப் போய் ஆல்டர்னேட்டர் வாங்கும் செலவு வந்து சேரும்.

மூன்றாவது வழி சரிவு. பாட்டரி அயர்ந்த டிராக்டரை இரவில் மேட்டில் நிறுத்திவைப்பதை எங்கள் பக்கத்தில் எங்கும் காணலாம். அதில் விஞ்ஞானம் இருக்கிறது. மேட்டில் நிற்கும் பாரம், தான் இறங்கப்போகும் உயரத்தையே சக்தியாகச் சேமித்துவைத்திருக்கிறது. நிறுத்தும்போது கை பிரேக்கைப் போட்டு, கியரில் விட்டு, சக்கரங்களின் கீழ்ப்புறம் கல் வைக்க வேண்டும். கிளப்பும்போது நிறுத்தும் குமிழ் உள்ளே இருக்கட்டும், சாவி திறந்திருக்கட்டும். கிளச்சை மிதித்துக்கொண்டு உயர்ந்த கியரில் போட்டு, வண்டி உருண்டு வேகம் பிடித்தபின் கிளச்சை நிதானமாக விட வேண்டும். கீழ்க் கியரில் போட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு மண்ணில் இழுபடும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடாதபோது ஹைட்ராலிக் வேலை செய்யாது; கலப்பையைத் தூக்க முடியாது. ஆகையால் கலப்பையையும் டிரெய்லரையும் முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் எஞ்சின் கிளம்பும்வரை ஸ்டியரிங் மிகவும் கனக்கும் என்பது இரண்டாவது. மூன்றாவது, சரிவு எங்கே போய் முடிகிறது என்பது. எங்கள் வட்டாரத்தில் கைப்பிடிச்சுவர் இல்லாத தரைக்கிணறுகள் ஏராளம். முந்திய இரவு வண்டியை நிறுத்தும்போதே கீழே கிணறோ, வீடோ, பிள்ளைகள் விளையாடும் இடமோ இல்லாத சரிவைத் தேர்ந்தெடுப்பவரே அறிவுடைய ஓட்டுநர்.

சங்கிலி கட்டி இன்னொரு டிராக்டரால் இழுப்பது நான்காவது வழி. மற்றவை எல்லாம் பொய்த்தபின் அது. சங்கிலி அறுந்தால் அரிவாளைப் போல் வீசும். எஞ்சின் திடீரெனப் பற்றிக்கொண்டால் பின்வண்டி முன்வண்டியின்மேல் பாயும். வண்டி ஒன்றுக்கு ஓர் ஓட்டுநர் தவிர வேறு யாரும் அருகில் நிற்கக் கூடாது. காற்றுக் குழாயில் பெட்ரோல் ஊற்றுவது, எரியும் துணியை அங்கே காட்டுவது ஆகியவை வழிகளே அல்ல.

இனி, செய்யவே கூடாத ஒன்று. இதைச் சொல்வதற்காகத்தான் முக்கியமாக நான் இன்று வந்தேன். சாவி வேலை செய்யாதபோது சிலர் கீழே நின்றுகொண்டு, ஒரு திருப்புளியையோ ஸ்பானரையோ ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைப்பார்கள். பொறி பறக்கும்; எஞ்சின் கிளம்பும். பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவர்களுக்கு அது மாயவித்தையைப் போல் தோன்றும். அவர் நிற்கும் இடம் எது? பெரிய பின்சக்கரத்திற்கு முன்னால். வண்டி கியரில் இருந்தால், எஞ்சின் கிளம்பிய அந்தக் கணமே அந்தச் சக்கரம் அவர்மேல் ஏறும். டீசல் எஞ்சின் ஒரு சுற்றில் உயிர் பெற்றுவிடும்; மனிதன் ஓர் அடி பின்வாங்கவும் அவகாசம் இராது. கியரில் இருந்தால் ஸ்டார்ட்டரைச் சுற்றவிடாத ஒரு காவல் சுவிட்சைப் பல டிராக்டர்களில் அமைத்திருக்கிறார்கள். திருப்புளி அந்தக் காவலாளியைத்தான் முதலில் தள்ளிவிடுகிறது. நான் அறிந்த ஒரு சிற்றூரில் இவ்வாறு ஒருவர் இடுப்பெலும்பு நொறுங்கி ஓராண்டு படுக்கையில் கிடந்தார். அவருக்கு அன்று உழுது கொடுக்க வேண்டிய நிலம் இரண்டு ஏக்கர். அந்த இரண்டு ஏக்கரை அடுத்த நாள் வேறொருவர் உழுதார். உலகெங்கும் இந்த வழக்கம் உழவர்களைக் கொன்றிருக்கிறது. சாவியைத் திருப்புவது இருக்கையில் அமர்ந்த மனிதரின் கையாகவே இருக்கட்டும்.

கடைசியாக, இந்த நெருக்கடியே வராமல் காக்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன். கோடையில் எங்கள் பாறைகள் இரவிலும் சூட்டைக் கக்கும். அந்த வெப்பத்தில் பாட்டரியின் நீர் விரைவில் வற்றும். மூடி திறக்கும் பாட்டரியாக இருந்தால், இரண்டு வாரத்திற்கு ஒரு முறை திறந்து, தகடுகள் மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். எங்கள் கிணற்று நீரில் உப்பு உண்டு. அது தகட்டுக்கு நஞ்சு. ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால், நிறைந்த அறையில் 1.26 முதல் 1.28 வரை காட்டும். ஓர் அறை மட்டும் மிகக் குறைந்து காட்டினால் அந்தப் பாட்டரியின் காலம் முடிந்தது. பெல்ட் தளர்ந்திருக்கிறதா, சார்ஜ் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். களஞ்சியத்தில் கொட்டுபவன் டைனமோதான். அறுவடைக்குப் பின் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துகிறவர்கள் கம்பியைக் கழற்றிவைத்து, மாதம் ஒரு முறை பாட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டும். காலியான நிலையில் கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் அது முன்போல் ஏற்காது. சாவியைப் பத்து விநாடிக்கு மேல் பிடித்துத் திருப்ப வேண்டாம்; ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். பாட்டரி நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பற்றவில்லை என்றால், டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பாராமல் சுற்றிச் சுற்றியே நல்ல பாட்டரியையும் சாகடிப்பவர்கள் உண்டு.

செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை 1690ஆம் ஆண்டு முதல் 1698ஆம் ஆண்டு வரை முற்றுகையிட்டது என்று வரலாறு கூறுகிறது. எட்டு ஆண்டு முற்றுகையைக் கண்ட ஊரில், முனைகளைச் சுரண்டித் துடைக்க எட்டு நிமிடம் பொறுக்க நம்மால் முடியாதா? விதைப்பு ஒரு நாள் பிந்தினால் விளைச்சல் சற்றுக் குறையலாம். அடுத்த மழையில் ஈடு செய்யலாம். வரப்பில் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் ஒரு சொல்: "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஓட்டுநரை அவசரப்படுத்தாதீர்கள். டீ வாங்கிக் கொடுத்து, பிள்ளைகளைச் சக்கரத்தின் அருகிலிருந்து அப்பால் அழைத்துச் செல்லுங்கள். அந்தக் காலையில் நீங்கள் செய்யக்கூடிய பேருதவி அதுதான்.